ஃபிரிட்ஜ் மேல் ஒரு பெரியவர்

மூன்று மாடி உயரம், நாற்பது சக்கரம், எட்டுக் கை. அரசுக் காகிதத்தில் அதன் பெயர் 'மாபெரும் நகரச் சீரமைப்புப் பேரியந்திரம் – ஒன்று'. இதை மூச்சு விடாமல் சொல்ல முடிந்தவர் இடிப்புத் துறையிலேயே இணை இயக்குநர் ஒருவர்தான். மற்றவர்கள் 'பெரியவர்' என்று சொல்லி மூச்சை மிச்சம் பிடித்தார்கள்.

காலையில் தெருவாக இருந்தது, பெரியவர் வந்து போனால், மதியத்துக்குள் மைதானமாகிவிடும். யாரும் அதற்கு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. தானே வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கணக்கெடுக்கும், தானே பட்டியல் போடும், தானே நோட்டீஸ் வாசிக்கும், மூன்று முறை எச்சரிக்கும், பிறகு இடிக்கும். எச்சரிக்காமல் ஒரு செங்கல்லைத் தொட்டதில்லை. எச்சரித்த பிறகு ஒரு செங்கல்லை விட்டதில்லை.

அதன் உத்தியோகம் முடிந்தது ஒரு பாராட்டு விழாவில். பாராட்டு அதற்குத்தான். மைதானத்தில் பெரிய மேடை போட்டார்கள். மேடைக்கு அனுமதி வாங்கவில்லை. இடிப்புத் துறையின் மேடைக்கு எவன் அனுமதி கேட்கப்போகிறான் என்று நினைத்தார்கள். பெரியவர் கேட்டது. இணை இயக்குநர் பத்தொன்பது பக்க உரையில் இரண்டாம் பக்கத்தை முடித்துக்கொண்டிருந்தபோது முதல் எச்சரிக்கை ஒலித்தது. இதுவும் நிகழ்ச்சிநிரலில் உண்டு போலிருக்கிறது என்று கூட்டம் கைதட்டியது. இரண்டாவதற்கு இன்னும் பலமாகத் தட்டியது. மூன்றாவதற்கு எழுந்து நின்றே தட்டியது. எழுந்து நின்றதால்தான் எல்லோராலும் சட்டென்று ஓட முடிந்தது. உயிர்ச்சேதம் எதுவுமில்லை. பதினேழு பக்கத்துக்கு உரைச்சேதம் மட்டும்.

கமிட்டி உட்கார்ந்தது. உடலைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். மூளையைப் போட முடியவில்லை. வாய் திறந்து பேசக்கூடிய எதையும் விளக்கம் கேட்காமல் கழித்துக்கட்டக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. விளக்கம் கேட்டார்கள். பெரியவர் நாலாயிரத்து அறுநூறு பக்கத்துக்குக் கொடுத்தது. கமிட்டி இப்போது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. படித்து முடிக்கும்வரை இடைக்கால உத்தரவு ஒன்று போட்டார்கள்: 'மேற்படி மூளை ஆள் அல்ல, பொருள். இதை உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் ஸ்டோர்கீப்பரின் நேரடிப் பார்வையில் வைக்கவும்.'

துறையின் ஸ்டோர் ஒழுகும். காற்று எலி வளை வழியாக வந்தால் உண்டு. எனவே இடம் என்ற கட்டத்தில் ஸ்டோர்கீப்பரின் வீட்டு விலாசத்தை நிரப்பினார்கள். இணை இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அவர் சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா இருக்கும். கையெழுத்துக்கு நான்காவதாக ஒன்றை யாராவது கொடுக்க வேண்டும்.

ஸ்டோர்கீப்பர் மூளை இருந்த பெட்டியை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முன்னறையில் தையல் மெஷினுக்கு முன் உட்கார்ந்திருந்த மனைவி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"என்னங்க அது?"

"பெரியவர்."

"இதுவா? அஞ்சு லிட்டர் குக்கர் இதைவிடப் பெருசு."

"கொஞ்ச நாளைக்குத்தான் இருக்கும்."

"கொஞ்ச நாள்னா?"

ஸ்டோர்கீப்பர் மூலையில் கிடந்த கட்டிலைப் பார்த்தார். மனைவியின் தம்பி அதில் தூங்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளைக்கு என்று அவன் வந்து நான்கு வருடம் ஆகிறது. மனைவி பேச்சை அங்கேயே நறுக்கிவிட்டுத் துணியை நறுக்கப் போனாள்.

பெட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார்கள். அதற்கு ஒரு கண் இருந்தது, ஒரு ஒலிபெருக்கி இருந்தது. ஒலிபெருக்கி மைதானங்களுக்காகச் செய்தது.

முதல் நாளே அது கட்டிலுக்கு நோட்டீஸ் கொடுத்தது. "ஒரு காலுக்குப் பதிலாக இரண்டு செங்கற்கள் முட்டுக்கொடுக்கப்பட்டுள்ளன. இது அனுமதியற்ற மாற்றம். முதல் எச்சரிக்கை."

தம்பி போர்வையை விலக்கினான். "யாருக்கா அது, காலங்காத்தால?"

"மணி பதினொன்று பத்து" என்றது பெட்டி. "கட்டிலின் மேல் நெடுநேரமாக அசைவற்றுக் கிடக்கும் உரிமை கோரப்படாத பொருள் குறித்துத் தனி நோட்டீஸ் வழங்கப்படும்."

"மாமா, இது என்னைத்தான் சொல்லுது!"

ஸ்டோர்கீப்பர் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். பேப்பருக்குப் பின்னால் அவர் சிரித்தார் என்பதற்குச் சாட்சி இல்லை.

பத்து நாளில் வீட்டில் நோட்டீஸ் வாங்காத பொருள் இல்லை. ஸ்டூல், துணிக்கொடி, பக்கத்து வீட்டுப் பூனை, பரண், பரண்மேல் இருந்தவை. இடிக்கக் கை இல்லாததால் மூன்றாம் எச்சரிக்கைக்குப் பிறகு என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தார்கள். உள்ளே பேட்டரி இருந்தது. பேட்டரியில் ஓடும்போது குரல் இன்னும் கூடியது.

மனைவியின் பொறுமை போனது ஒரு வியாழக்கிழமை. ரவிக்கை அளவு கொடுக்க ஒரு வாடிக்கையாளர் வந்து நின்றார், கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. "இந்த அம்மையார் வந்து நின்றதும் தரை மூன்று மில்லிமீட்டர் இறங்கியது" என்று ஃபிரிட்ஜ் மேலிருந்து அறிவிப்பு வந்தது. அம்மையார் போய்விட்டார். தைத்து முடித்திருந்த இரண்டு ரவிக்கையையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"இன்னைக்கே இதைக் கொண்டுபோய் ஆபீஸ்ல விட்டுட்டு வாங்க. இல்ல, நான் போறேன்."

"உத்தரவு இருக்கும்மா. நேரடிப் பார்வையில வெச்சுக்கணும்."

"பார்வையிலதானே வெச்சுக்கச் சொன்னாங்க? காதுல வெச்சுக்கச் சொன்னாங்களா?"

அவள் மிச்சத் துணியில் அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டாள். ஓரத்தில் சுருக்கு வைத்து, பூப்போட்ட உறை. அழகுக்காக அல்ல, சத்தம் குறையட்டும் என்று. குரல் கம்பளிக்குள் பேசுவதுபோல் ஆனது. அரைமணி கழித்து உறைக்குள்ளிருந்து அதே குரல் வந்தது: "கண்ணுக்கு விடப்பட்ட துளை இடப்பக்கம் அரை அங்குலம் விலகியுள்ளது." அவள் கையில் கத்தரியோடு எழுந்து போனாள். தம்பி விறுவிறுப்பான எதையோ எதிர்பார்த்தான். அவள் துளையைச் சரிசெய்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தொழில் என்று வந்தால் அளவு தப்பாக இருப்பதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அந்த வீட்டார் இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்குப் பெரியவர் ஓர் எண்ணைச் சொல்லும். முதல் நாள் ஐம்பத்தெட்டு. அடுத்த நாள் ஐம்பத்தேழு. தான் இங்கிருந்து கிளம்பப்போகும் நாளை எண்ணுகிறது என்று மூவரும் புரிந்துகொண்டார்கள். மனைவி காலண்டரில் அந்த நாளைச் சுற்றி வட்டம் போட்டாள். தம்பி ஆறு மணிக்கு ஒரு கண்ணை மட்டும் திறந்து எண்ணைக் கேட்டு, நிம்மதியாக மூடிக்கொள்வான்.

இருபது என்று சொன்ன காலையில், மனைவிக்கு மனசு லேசாக இருந்தது. விருந்தாளி கிளம்பும்போது வருகிற பாசம்.

"இருபது நாள்ல உன்னை எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

"என்னை எங்கும் கொண்டுசெல்லவில்லை" என்றது பெரியவர். "இக்கட்டடம் இடிக்கப்படுவதற்கு இருபது நாட்கள் உள்ளன."

மெஷின் நின்றது. ஸ்டோர்கீப்பர் ஷேவிங் நுரையோடு வந்து நின்றார்.

"எந்தக் கட்டடம்?"

"இது. பட்டியலில் வரிசை எண் ஒன்று. தெருமுனையில் இருப்பதால் முதலிடம். தொடர்ந்து வரும் பதினேழு வீடுகளும் பட்டியலில் உள்ளன. பணியில் இருந்தபோது நானே தயாரித்த பட்டியல்."

"எங்க வீட்டையா? எதுக்கு?"

பெரியவர் தன் பதிவை வாசித்தது. "முற்பகல் பதினொன்று நாற்பது. கதவு மூன்று முறை தட்டப்பட்டது. 'உள்ளே யாராவது இருக்கிறீர்களா?' என்று கேட்கப்பட்டது. உள்ளிருந்து ஒரு பெண்குரல், 'வீட்ல யாரும் இல்ல' என்று தெரிவித்தது. அவ்வாறே பதியப்பட்டது. ஆளில்லாத பழைய கட்டடம், சுவரில் விரிசல், இடிப்புக்கு உரியது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தார்கள்.

"தண்ணி ஃபில்டர் விக்கிறவன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

அந்தத் தெருவில் கதவு தட்டப்பட்டால் எல்லோரும் சொல்லும் பதில் அதுதான். பதினெட்டு வீட்டிலும் உள்ளே இருந்தவர்கள், உள்ளே யாரும் இல்லை என்று உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபில்டர் விற்பவர்களுக்கு அது புரியும். பெரியவருக்கு வாயால் சொன்னது சொன்னதுதான்.

"ஏய் பெட்டி, பேசினது நான்தானே? உள்ள ஆளில்லாம பதில் எப்படி வரும்? அதுகூடவா உனக்குத் தோணல?"

"பேசுவதால் மட்டும் ஒன்று ஆள் ஆகிவிடாது. நானும் பேசுகிறேன். நான் ஆள் அல்ல என்று உத்தரவு உள்ளது."

அவள் பார்வை கணவர் பக்கம் திரும்பியது.

ஸ்டோர்கீப்பர் ஆபீசுக்கு ஓடினார். இணை இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"உத்தரவை யார் போட்டாங்களோ, அவங்கதான் திரும்ப எடுக்க முடியும். அதுதான் முறை."

"போட்டது பெரியவர் சார். எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேலதான் இருக்கு."

"அது சஸ்பென்ஷன்ல இருக்கு. சஸ்பென்ஷன்ல இருக்கறது எதையும் திரும்ப எடுக்க முடியாது."

"சஸ்பென்ஷன்ல இருக்கறது போட்ட உத்தரவு மட்டும் செல்லுமா சார்?"

"போட்டப்போ சஸ்பென்ஷன்ல இல்லையேய்யா!" இணை இயக்குநர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு தெளிவு வந்தது, வாழ்நாள் முழுக்க இப்படி ஒரு கேள்விக்காகவே காத்திருந்தவர்போல. "இருபதாம் நாள் நானே நேர்ல வர்றேன். புது மெஷின் வந்திருக்கு, பேரியந்திரம் – இரண்டு. இந்தத் தடவை அதுக்கு மூளை வைக்கல. செஞ்ச தப்பையே மறுபடியும் செய்ய மாட்டோம்."

"சார், நாங்க அங்க குடியிருக்கோம் சார். என் சர்வீஸ் புத்தகத்துலயே அந்த விலாசம்தான்."

"அது வேற செக்ஷன்."

அதற்கப்புறம் வீட்டில் பெரியவரிடம் யாரும் பேசவில்லை. ஆறு மணிக்கு எண் வரும். பத்தொன்பது. பதினெட்டு. மனைவி காலண்டரிலிருந்த வட்டத்தை அடித்தாள். அடித்தாலும் தேதி அங்கேயே இருந்தது. எடுத்திருந்த துணிகளையெல்லாம் வேகவேகமாகத் தைத்துக் கொடுத்தாள், புதிதாக எடுக்கவில்லை. மாற்று வீடு பார்க்கப் போன தம்பி, இரண்டு நாள் அலைந்து, வாழ்க்கையில் முதல்முறையாகச் செருப்புத் தேய்ந்து திரும்பி வந்தான். முன்னறையில் மெஷின் போட விடுகிற வீடு ஒன்றும் அகப்படவில்லை.

எண் ஒன்பதுக்கு வந்த நாள் மத்தியானம். ஆண்கள் வெளியே போயிருந்தார்கள். அவள் ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். உறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூன்றாவது மடிப்பு கால் அங்குலம் கூடுதல்."

அளந்து பார்த்தாள். கூடுதல்தான். பிரித்தாள். பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"இத்தனை வருஷமா எத்தனை வீடு இடிச்சிருப்ப?"

"ஆறாயிரத்து நூற்றிரண்டு."

"அத்தனையும் ஆளில்லாத வீடா?"

"பதிவின்படி."

"அதுல எத்தனை வீட்ல என்னை மாதிரி ஒருத்தி உள்ள உக்காந்துக்கிட்டு இல்லைன்னு சொன்னாளோ."

"எச்சரிக்கை ஒலித்ததும் வெளியே வந்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை."

"வெளிய வந்தாங்க இல்ல? அப்போ உள்ள இருந்திருக்காங்க."

அவள் பிரித்த நூலைச் சுருட்டி வைத்தாள்.

"அன்னைக்கு நீ தட்டினப்போ என் வாயில நாலு குண்டூசி. மடியில ஒருத்தியோட கல்யாணப் பொடவைக்கு ரவிக்கை. எழுந்தா வெச்ச ஊசியெல்லாம் போச்சு."

"வாயில் குண்டூசியுடன் 'யாரும் இல்லை' என்று சொல்ல முடிந்திருக்கிறது."

"அது பழக்கம்."

அது சொன்னது: "படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை."

"படிவத்துல எதுக்குத்தான் கட்டம் இருக்கு" என்றாள் அவள். மடிப்பை மறுபடி வைத்து, பெட்டியின் கண்ணுக்கு நேராகத் துணியைத் தூக்கிக் காட்டினாள். "இப்போ?"

"சரி."

மறுநாள் காலை ஆறு மணிக்கு எண் வரவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றான் தம்பி. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்கு இணை இயக்குநரின் ஜீப்பும், அதன் பின்னால் தெருவை அடைத்துக்கொண்டு பேரியந்திரம் – இரண்டும் வந்தன. அதன் உச்சியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஓர் ஆபரேட்டர். பதினெட்டு வீட்டு ஜனமும் தெருவில் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் நின்றது. தையல் மெஷின், கட்டில், முட்டுக்கொடுத்த இரண்டு செங்கல், எல்லாம் எதிர்ப்பக்கம் போயிருந்தன. பெட்டியை மட்டும் எடுக்கவில்லை. அரசுச் சொத்தை இடம் மாற்ற கேட் பாஸ் வேண்டும், கேட் பாஸில் இணை இயக்குநர் கையெழுத்து வேண்டும், அவர் நான்கு நாளாக இன்றைய தினத்துக்கான உரையை எழுதிக்கொண்டிருந்தார்.

ஸ்டோர்கீப்பர் வாசற்படியில் நின்றார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"இது என் வீடு சார்."

"பதிவுப்படி இந்த வீட்ல யாரும் இல்ல. யாரும் இல்லாத வீட்ல ஒருத்தர் இருந்தா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க."

போனார். இருபத்தெட்டு வருட சர்வீஸ் அவரைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நகர்த்தியது.

கடைசியாக ஒருமுறை கதவைத் தட்டிக் கேட்க வேண்டும் என்பது விதி. இணை இயக்குநர் கோட்டைச் சரிசெய்துகொண்டு தட்டினார். "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியின் வாய், கதவுச் சத்தம் கேட்டதும் தானாகத் திறந்தது. தம்பி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். நான்கு வருடத்தில் அவன் செய்த முதல் உருப்படியான காரியம்.

உள்ளே பதில் இல்லை. இரண்டாம் முறை தட்டினார். பதில் இல்லை. ஆபரேட்டர் முதல் கையை உயர்த்தினான். அதன் நிழல் ஓட்டின்மேல் விழுந்தது. மனைவி அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் முறை. "உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இருக்கிறேன்."

மைதானங்களுக்காகச் செய்த ஒலிபெருக்கி. தெருக்கோடி வரை கேட்டது. இணை இயக்குநர் இரண்டு படி பின்னால் இறங்கினார். அந்தக் குரலைக் கேட்டு அவர் ஓடியது அவர் காலுக்கு ஞாபகம் இருந்தது.

"யாரது?"

"நான்தான்."

"நீ யாருமில்ல! நீ ஒரு பொருள். கமிட்டி உத்தரவு இருக்கு!"

"நல்லது" என்றார் பெரியவர். "நான் பொருள் என்றால் அரசுச் சொத்து. வைக்கப்பட்டுள்ள இடம் இந்த விலாசம். கையொப்பம் தங்களுடையது. விசாரணை நிலுவையில் உள்ள சொத்தின்மேல் சுவர் விழுந்தால் தங்களிடம் விளக்கம் கேட்கப்படும். என்னிடம் கேட்டது போலவே. நான் ஆள் என்றால், இவ்வீட்டில் ஆள் உண்டு; என் பதிவு தவறு. இரண்டில் எது என்று ஐயா எழுத்தில் தெரிவிக்கவும்."

இணை இயக்குநர் பையைத் தொட்டார். மூன்று பேனா இருந்தது. நான்காவதை யாரும் நீட்டவில்லை. ஆள் என்று எழுதினால், விளக்கம் கேட்காமல் ஓர் ஆளின் எட்டுக் கையையும் பழைய இரும்புக்குப் போட்ட கோப்பில் முதல் கையெழுத்து அவருடையது. பொருள் என்று எழுதினால் இந்தச் சுவரை இடிக்க முடியாது. ஒன்றைத் தாண்டி இரண்டாம் எண்ணுக்குப் போகலாமா என்றால், வரிசை தாண்ட விதியில்லை. அந்த விதியை எழுதியவரும் அவர்தான்.

மேலே கூண்டிலிருந்து ஆபரேட்டர் எட்டிப்பார்த்தான்.

"சார், இடிக்கட்டுமா, டீ குடிக்கட்டுமா?"

இணை இயக்குநர் தன் உரையை நான்காக மடித்தார். "டீ குடிங்க" என்றார்.

கோப்பு கமிட்டிக்குப் போனது. கமிட்டி அதை நாற்பத்து நான்காம் பக்கத்துக்கு அடுத்ததாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. கட்டில் பழைய மூலைக்கு வந்தது, செங்கல்லோடு.

"என்னங்க, அப்போ இது இங்கதானா இனிமே?" என்று மனைவி கேட்டாள்.

"இது இருக்கற வரைக்கும்தான் வீடு இருக்கும்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

பெரியவருக்கும் இது தெரிந்துவிட்டது. மறுநாளே உறை வெளுத்துவிட்டது என்றும் வேறு நிறத்தில் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். அடர்நீலம் பரவாயில்லை என்றும் சொன்னார். அவள் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு துணிப்பெட்டியில் நீலம் தேடினாள்.

ஒரு வாரம் கழித்து, முற்பகலில், யாரோ கதவைத் தட்டினார்கள். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" அவள் வாயில் குண்டூசி, மடியில் ரவிக்கை. பழக்கம் உதட்டுவரை வந்துவிட்டது. அதற்குள் ஃபிரிட்ஜ் மேலிருந்து முழுக்குரலில் பதில் போனது.

"நால்வர் இருக்கிறோம். உள்ளே வரலாம்."

தம்பி போர்வையை விலக்கினான். "நாலா? என்னையும் சேர்த்தா?"

"தற்காலிகமாக."

கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். இரண்டு தோளிலும் பை, கையில் ஒரு தண்ணீர் ஃபில்டர். பதினோரு வருடமாக அவர் அந்தத் தெருவில் கதவு தட்டுகிறார்; உள்ளே வா என்று ஒருவர் சொல்வது இதுவே முதல்முறை. கண் லேசாகக் கலங்கியிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து ஆரம்பித்தார்.

ஒன்றேகால் மணி நேரம் பேசினார். பெரியவர் நடுவில் ஒன்பது சந்தேகம் கேட்டார்.